"மாப்ளை, வண்டி லேசா இருமுதுல்லா?"

மாமா இதைக் கேட்டபோது தென்னாப்பிரிக்காவின் துகேலா ஆற்று முகத்துவாரத்தை ஒரு வட்டம் அடித்துவிட்டு நாங்கள் தெற்கே திரும்பியிருந்தோம். இடப்பக்கம் இந்தியப் பெருங்கடல், வலப்பக்கம் கண்ணுக்கெட்டிய வரை கரும்பு. ஹெட்செட்டில் அவர் குரல் கரகரவென்று வந்தது.

"ஹெட்செட்ல அப்படித்தான் மாமா கேக்கும்" என்றேன்.

அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மருமகன் ஓட்டுகிற வண்டி, அதுவும் ஆகாயத்தில் ஓடுகிற வண்டி, நமக்கென்ன தெரியும் என்று விட்டிருப்பார். பதினைந்து நிமிடம் கழித்து, எரித்து வெட்டிய ஒரு கரும்புக் காட்டில் மூக்கு குத்தி நின்றுகொண்டிருந்தோம்.

இருவரும் நடந்தே வெளியே வந்தோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதுவது பரபரப்புக்காக அல்ல. எஞ்சின் நின்ற பிறகு கிடைத்த முக்கால் நிமிடத்தில் நான் செய்தவற்றில் சில சரி, பல தவறு. அதற்கு முந்தைய பதினைந்து நிமிடத்தில் செய்தது முழுக்கத் தவறு. சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் தமிழர்கள் இப்போது அங்கங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குப் பயன்படலாம். பக்கத்து இருக்கையில் உட்காரப்போகிறவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பயன்படும்.

தென்னாப்பிரிக்காவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. டர்பனுக்கு வடக்கே, குவாசுலு நடால் கடற்கரையில், ஒரு சர்க்கரை ஆலையில் கருவிப் பராமரிப்புப் பிரிவில் வேலை. பறக்கும் ஆசை ஊரிலேயே உண்டு, வசதிதான் இல்லை. இங்கே தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். எனக்கு அது 70 மணி நேரத்துக்கு இழுத்தது. கற்றது செஸ்னா 172-இல். பிறகு நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு பழைய பைப்பர் வாரியரில் பங்கு வாங்கினேன். செஸ்னாவுக்கு இறக்கை தலைக்கு மேலே, இரண்டு பக்கமும் கதவு. பைப்பருக்கு இறக்கை காலுக்குக் கீழே. கதவு ஒன்றே ஒன்று, அதுவும் பயணி உட்காரும் வலப்பக்கம். இது வெறும் வசதிப் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். வேறொன்று என்று பிறகு புரிந்தது.

மாமா திருநெல்வேலிக்காரர். அரசுப் பேருந்தில் 31 வருடம் ஓட்டுநர், பெரும்பாலும் தென்காசித் தடம். மகளைப் பார்க்க ஆடி மாதம் வந்திருந்தார். இங்கே ஆடி என்றால் மாரியம்மனுக்குக் கஞ்சி. கடற்கரையோரம் இருக்கிற கோயில் ஒவ்வொன்றிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கஞ்சி ஊற்றுவார்கள். தமிழ் பேச வராத பிள்ளைகள்கூட மஞ்சள் உடுத்தி வரிசையில் நிற்பார்கள். மறுநாள் கஞ்சிக்குப் போவதாக ஏற்பாடு. முந்தைய நாள் சனிக்கிழமை காலை, "மாமாவுக்குக் கடற்கரையை மேலேருந்து காட்டிட்டு வாறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

அன்றைய வானிலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், குற்றவாளி அங்கேதான் இருந்தான். வெள்ளிக்கிழமை ஒரு குளிர்முகம், அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு, கடந்து போயிருந்தது. இந்தக் கடற்கரையில் குளிர்காலத்தில் அடிக்கடி நடப்பதுதான். முதலில் உள்நாட்டு மலைப்பக்கமிருந்து அனல்காற்று, அது பொசுக்கென்று நின்றதும் தென்மேற்கிலிருந்து ஈரமும் தூறலும். சனிக்கிழமை காலை தூறல் விட்டு வானம் வெளுத்திருந்தது. வெப்பம் 18 டிகிரி. பனிநிலை, அதாவது காற்றிலிருக்கும் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பம், 15. இந்த இரண்டு எண்ணையும் கிளம்புமுன் நானே என் கையால் குறித்துக்கொண்டேன். மேகம் எந்த உயரத்தில் கட்டும் என்று கணக்குப் போட அவற்றைப் பயன்படுத்தினேன். அதே இரண்டு எண், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்பரேட்டரைப் பற்றியும் பேசுகிறது என்பது மண்டையில் ஏறவில்லை.

கிளம்புமுன் மாமாவுக்குக் கதவைக் காட்டினேன். அந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். முன்பெல்லாம் பயணிகளுக்கு ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்பிப்பேன். ஒருமுறை என் மனைவி, "நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை எனக்குப் புரியல, சும்மா தலையாட்டினேன்" என்றாள். அன்றிலிருந்து தமிழருக்குத் தமிழில். "மேலே ஒரு கொக்கி, இடுப்புக்கிட்ட ஒரு பிடி. முதல்ல மேல் கொக்கி, அப்புறம் பிடி. நான் கதவுன்னு கத்தினா ரெண்டையும் தொறந்துட்டு எதையாவது சொருகி வைக்கணும், மூடிக்கக் கூடாது. நின்னதும் நீங்கதான் முதல்ல இறங்கணும், உங்களைத் தாண்டி நான் போக முடியாது." சொன்னதோடு நிறுத்தவில்லை, இரண்டு முறை அவரையே திறந்து மூடச் சொன்னேன். "எமர்ஜென்சி கதவு. பஸ்ல இருக்கிறதுதான்" என்றார்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. அவர் தானாகவே சொன்னார், நான்தான் தட்டிவிட்டேன்.

கடலோரமாக 1,200 அடியில் மெதுவாகப் போனோம். வேடிக்கை பார்க்கத்தானே வந்தோம் என்று எஞ்சினை நிமிடத்துக்கு 2,200 சுற்றில் வைத்திருந்தேன். துகேலாவுக்கு வடக்கே போகவில்லை. அந்த ஆறு பழுப்பாகக் கடலில் கலப்பதைப் பார்த்து மாமா, "தாமிரவருணி புன்னைக்காயல்ல கலக்கறது இப்படித்தான் இருக்குமோ" என்று கேட்டார். அந்த நேரத்தில் சுற்றுமானி 2,150 காட்டியது. எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை ஒரு நூல் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி 2,120. மறுபடி தள்ளினேன். பழைய விமானம், த்ராட்டில் பிடியை இறுக்கும் திருகு தளர்ந்து அதுவாக நழுவுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். இறங்கியதும் திருகை இறுக்கச் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

மாமா கேட்டது அந்த இரண்டாவது தள்ளலுக்குப் பிறகு.

எங்கள் ஓடுபாதை பாலிட்டோ என்ற கடற்கரை ஊரிலிருந்து சற்று உள்நாட்டுப் பக்கம், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு தனியார் புல்தரை. டோங்காட் பக்கம் ஆலைப் புகை தென்மேற்கிலிருந்து சாய்ந்து வந்தது, ஆகவே காற்றும் அப்படியே. இறங்க வேண்டியதும் அந்தத் திசை நோக்கித்தான். கடற்பக்கமாகப் பாதைக்கு இணையாக வந்து, இடப்பக்கம் திரும்பி, மறுபடி இடப்பக்கம் திரும்பி இறங்குவது முறை. இந்தச் சுற்றைக் கச்சிதமாக, எஞ்சின் நின்றாலும் பாதையைத் தொட்டுவிடும் தூரத்தில் போட வேண்டும் என்று சொல்லித் தந்தவர்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு மாமாவுக்குக் கரும்பு வெட்டும் இடத்தைக் காட்டுகிறேன் என்று சுற்றை அகலமாக்கிவிட்டேன். பாதையின் நுனிக்கு நேராக வந்ததும் எஞ்சினை 1,700-க்குக் குறைத்து இறங்கத் தொடங்கினேன். இறங்குமுன் சரிபார்க்க வேண்டியதை வாய் முணுமுணுத்தது. கை ஒவ்வொன்றையும் தொட்டது. மனம் அதில் இருந்ததா என்றால், இல்லை.

முதல் திருப்பம் முடிந்தபோது தரையிலிருந்து 600 அடி. பாதைக்கு முன்னால் இருக்கும் யூகலிப்டஸ் வரிசை வழக்கத்தைவிட உயரமாகத் தெரிந்தது. கொஞ்சம் சக்தி கொடுக்கலாம் என்று த்ராட்டிலைத் தள்ளினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு இருமல், பிறகு ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் இறங்கிப் போனது. காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் காற்று அதைச் சுற்றியது, அது காற்றைத் தள்ளவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுபடி த்ராட்டிலை இழுத்துத் தள்ளினேன். மூன்றாவது முறையும் தள்ளினேன். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியாதபோது திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லையா, அது மாதிரி. நான்கைந்து நொடி அதில் போயிற்று. சக்தியில்லாத வாரியர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 அடி இறங்கும். அந்த நான்கைந்து நொடியின் விலை 60 அடி. மொத்தமே முக்கால் நிமிடம்தான் கையில் இருந்தது.

பிறகுதான் பயிற்சி கைக்கு வந்தது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தை 73 நாட் (மணிக்கு ஏறக்குறைய 135 கி.மீ.) அளவுக்குக் கொண்டுவந்தேன், எஞ்சின் இல்லாமல் வாரியர் மிதந்து இறங்க ஏற்ற வேகம் அது. கீழே விழப்போகிறோம் என்று உடம்பு கத்தும்போது மூக்கைக் கீழே அமுக்குவது எவ்வளவு எதிரான காரியம் என்பதைச் செய்தால்தான் தெரியும். கை தானாக மேலே இழுக்கத்தான் பார்க்கிறது. இழுத்தால் வேகம் போகும், வேகம் போனால் இறக்கை காற்றை விட்டுவிடும். அப்புறம் 400 அடியில் கல்லாகத்தான் விழ வேண்டும். எஞ்சின் நின்றதால் சாவதைவிட, நின்ற பிறகு மூக்கைத் தூக்கிச் சாவதுதான் அதிகம் என்று எனக்குக் கற்பித்தவர் சொல்வார்.

ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்ததுதான் அன்றைக்குப் பெரிய ஆபத்து. இடப்பக்கம், யூகலிப்டஸ் மரங்களுக்கு அந்தப் பக்கம், பச்சைப் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. எட்டிவிடலாம் போல இருக்கிறது. இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு: வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, போக நினைக்கும் இடத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அந்த இடம் கண்ணாடியில் மேலேறினால் எட்டாது, அசையாமல் நின்றால் எட்டும். மர உச்சிகள் மேலேறிக்கொண்டே இருந்தன. பாதையை விட்டுவிட்டேன். விட்டதும் மனசுக்கு ஒரு நிம்மதி வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? விமானத்தைக் காப்பாற்றும் வேலை போய், ஆளைக் காப்பாற்றும் வேலை மட்டும் மிச்சமிருந்தது.

எதிரே இரண்டு வகை நிலம். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் கரும்பு ஒரு பக்கம். சற்று இடப்புறம், நிலம் உள்நாட்டுப் பக்கம் ஏறும் இடத்தில், கறுப்பாக ஒரு துண்டு. இங்கே கரும்பை வெட்டுமுன் சோகையை எரித்துவிடுவார்கள். வெட்டி முடித்த காடு மேலிருந்து பார்த்தால் தார் ஊற்றிய மாதிரி இருக்கும். ஆலைக்காரன் என்பதால் அந்தக் கறுப்பின் பொருள் எனக்கு ஒரு நொடியில் தெரிந்தது. அங்கே கட்டைதான் இருக்கும், கரும்பு இருக்காது. ஏற்றம், கொஞ்சம் எதிர்க்காற்று, இரண்டுமே ஓட்டத்தைக் குறைக்கும். அதற்குத் திரும்பினேன்.

திரும்பிய பிறகுதான் கைவேலை. பெட்ரோல் பம்பைப் போட்டேன், தொட்டியை மாற்றினேன், கார்பரேட்டருக்குச் சூடு தரும் கார்ப் ஹீட்டை இழுத்தேன், பெட்ரோல் கலவையைக் கூட்டும் மிக்ஸ்சர் முழுக்க, தீப்பொறி தரும் மேக்னெட்டோ இரண்டும். ஐந்து நொடி. எஞ்சின் ஒருமுறை இருமியது, அவ்வளவுதான். உயரத்தில் நின்றிருந்தால் இந்த வேலையை நிதானமாகச் செய்யலாம், 500 அடியில் நிலம் தேடுவது முதல், எஞ்சினைத் தேடுவது அடுத்தது. ரேடியோவில் மேடே என்ற ஆபத்து அழைப்பை ஒருமுறைதான் சொல்ல முடிந்தது: பெயர், எஞ்சின் நின்றுவிட்டது, ஓடுபாதைக்கு வடக்கே கரும்புக் காடு, இரண்டு பேர். பாதையில் நின்றிருந்த ஒருவர் கையில் ரேடியோ இருந்தது. அவர் கேட்டுவிட்டார்.

"மாமா, கதவு!"

மேல் கொக்கி, பிடி. அவர் கை நடுங்கவில்லை. காற்று அழுத்துவதால் பறக்கும்போது கதவு ஒரு விரற்கடைக்கு மேல் திறக்காது. அந்த இடுக்கில் தன் தோல்செருப்பைக் கழற்றிச் சொருகினார். மோதும்போது விமானத்தின் உடல் நெளிந்து கதவு சிக்கிக்கொண்டால் அந்த ஒரே வழியும் போய்விடும், அதற்குத்தான் இது. செருப்பைச் சொருகிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "முருகா" என்றார். எனக்குச் சாமியைக் கூப்பிட நேரமில்லை.

200 அடியில் ஒரு மின்கம்பம் தெரிந்தது. கரும்பு லாரி போகும் மண்பாதை ஓரமாக. கம்பி கண்ணுக்குத் தெரியவே தெரியாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும். ஒன்று தெரிந்தால் இன்னொன்று உண்டு, நடுவில் கம்பியும் உண்டு. கம்பத்தின் தலைக்கு நேர் மேலேயே தாண்டினேன், அங்கேதான் கம்பி எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரியும். தாண்டியதும், வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃப்ளாப்பின் நெம்புகோலைக் கடைசி வரை இழுத்தேன். பைப்பரில் அது கையால் இழுப்பது, மின்சாரம் வேண்டாம். செஸ்னா ஓட்டுகிறவர்கள் கவனிக்கவும்: உங்கள் ஃப்ளாப் மின்சாரத்தில் ஓடுவது, அதை இறக்கிவிட்டுத்தான் மொத்த மின்சாரத்தையும் நிறுத்தும் மாஸ்டர் சுவிட்சை அணைக்க வேண்டும். மிக்ஸ்சரை இழுத்தேன், தொட்டியை மூடினேன், மேக்னெட்டோவை அணைத்தேன். நாலாவதாக ஒன்று இருந்தது. அது மறந்துபோயிற்று.

தரையைத் தொடும்போது எவ்வளவு மெதுவாக இருக்கிறோமோ அவ்வளவு நல்லது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 65 நாட் வேகத்தில் தொடுவதற்கும் 45-இல் தொடுவதற்கும் ஆற்றலில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதற்காகக் காற்றிலேயே வேகத்தை முழுக்கத் தீர்த்துவிடக் கூடாது, அரை அடி உயரத்தில் தீர வேண்டும். பின்சக்கரம் இரண்டும் தொட்டன. கரும்புக் கட்டைகள் கீழே தடதடவென்று அடித்தன. மூக்கை எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு நேரம் பிடித்தேன். கரும்பு நட்ட பார்கள் குறுக்கே ஓடின. மூன்றாவதோ நான்காவதோ பாரில் முன்சக்கரம் இறங்கி மடங்கியது, காற்றாடி மண்ணைக் கொத்தியது, ஒரு குலுங்கலில் நின்றோம்.

சாம்பல் பறந்தது. எரிந்த சர்க்கரை வாசனை, தினமும் ஆலையில் முகர்கிற அதே வாசனை. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"மாப்ளை, என்னமோ டிக்கு டிக்குன்னு ஓடுதே?"

இந்தத் தடவை காது கொடுத்தேன். பெட்ரோல் பம்பு. மாஸ்டரை அணைக்கவில்லை, அதுதான் நான் மறந்த நாலாவது. உடைந்த விமானத்தில் மின்சாரமும் பெட்ரோலும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. அணைத்தேன், சத்தம் நின்றது. "இறங்குங்க மாமா, இறங்குங்க." 67 வயதுக்காரர், ஒற்றைச் செருப்போடு இறக்கை மேல் ஏறி இறங்கினார். காற்று வரும் பக்கமாக ஐம்பதடி நடந்த பிறகுதான் இருவருக்கும் கால் உதறியது.

கரும்பு வெட்டுகிறவர்கள் காட்டின் கோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜூலுவில் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். முதலில் வந்தவர் மாமாவின் கையைப் பிடித்து "ஸாவுபோனா, பாபா" என்றார். மாமா "வணக்கம்யா" என்றார். இருவருக்கும் புரிந்தது. லாரி ஓட்டி வந்தவர் டோங்காட் தமிழர். "பயம் வேண்டா தாத்தா, தண்ணி குடி" என்றார். சுற்றி வளைக்காத, மரியாதை விகுதி இல்லாத, நூற்றைம்பது வருடம் கடல் கடந்து நின்ற தமிழ். மாமாவுக்குக் கண் கலங்கியது அப்போதுதான்.

ஆம்புலன்ஸ் வரும்வரை எங்களை அந்த லாரிக்காரர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தார். அங்கே மறுநாள் கஞ்சிக்குப் பெரிய அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவருடைய தாயாருக்கு எண்பது தாண்டியிருக்கும். மாமாவை மேலும் கீழும் பார்த்தார். "எங்க தாத்தா கிர்மிட்டுல கப்பல்ல வந்தாரு, கரும்பு வெட்ட. நீ மேலேருந்து வந்தியா கரும்புக்கு?" என்றார். கிர்மிட் என்றால் ஒப்பந்தக் கூலி. 1860-இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து இந்தக் கரும்புக்கும் நமக்கும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கறுப்புத் துண்டை வெட்டி வைத்தவர்களுக்கு நான் பட்ட கடனும் அதில் சேர்ந்துகொண்டது.

மாமாவுக்கு நெஞ்சில் பெல்ட் பட்டுக் கன்றிப்போயிருந்தது. எனக்கு நெற்றியில் புடைப்பு. வலி என்று ஒன்று இருப்பதே இராத்திரிதான் தெரிந்தது, அதுவரை உடம்பு மறைத்து வைத்திருந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போனது நல்லதாயிற்று. மாமாவுக்கு விலா எலும்பில் கீறல் இருந்தது.

வீட்டுக்கு நான் சொல்லுமுன்பே செய்தி போய்விட்டது. மோதியதும் விமானத்தில் இருக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி தானாகக் கூவத் தொடங்கியிருக்கிறது. மீட்பு மையத்தார் பதிவில் இருந்த எண்ணுக்குப் பேசினார்கள். அது விமானத்தில் என்னோடு பங்கு வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் எண். அவர் பதறி என் மனைவிக்கு, "விமானம் விழுந்துவிட்டதாம்" என்று மட்டும் சொல்லிவிட்டார். அடுத்த பத்து நிமிடம் அவள் பட்டதை அவள் இன்னும் மறக்கவில்லை. கருவி பதிவில் யார் எண் இருக்கிறது என்று பாருங்கள். அந்த ஆளிடம், அழைப்பு வந்தால் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்றும் பேசி வையுங்கள். இறங்கியதும் நாம் செய்யும் முதல் அழைப்பு வீட்டுக்கு இருக்கட்டும். அவசர உதவிக்கு இங்கே கைபேசியிலிருந்து 112, ஆம்புலன்ஸுக்கு 10177. அதற்கு அப்புறம் விமானப் போக்குவரத்து ஆணையம். அவர்கள் அனுமதி தரும்வரை விமானத்தை இம்மியும் நகர்த்தக் கூடாது.

இனி குற்றவாளிக்கு வருகிறேன். விசாரணைக்கு வந்தவர்கள் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு தொட்டியிலும் பெட்ரோல் இருந்தது, சுத்தமாக இருந்தது, தண்ணீர் இல்லை. பிளக் சரி. கார்பரேட்டர் சரி. ஒரு குறையும் இல்லாத எஞ்சின். அதுதான் துப்பே. இந்தக் குற்றவாளி வேலையை முடித்துவிட்டு உருகி ஓடிவிடுவான்.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நமக்குத் தெரியும். ஆவியாவது எதுவும் பக்கத்திலிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கார்பரேட்டரில் பெட்ரோல் ஆவியாகிறது. அதோடு காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாகப் பாய்ந்து விரிகிறது, அதுவும் குளிர்விக்கும். இரண்டும் சேர்ந்தால் கழுத்துக்குள் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். வெளியே 18 என்றால் உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே. வரும் காற்றில் ஈரம் இருந்தால் அது பனியாகச் சுவரில் ஒட்டும். த்ராட்டில் தட்டு மூடியிருக்கும்போது, அதாவது மெதுவாகப் போகும்போதும் இறங்கும்போதும், இன்னும் மோசம். பனிக்கட்டி என்றால் இமயமலை, ஐரோப்பா என்று நாம் நினைக்கிறோம். டர்பனில் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு நடக்கிற நாளில்தான் இது பிடிக்கும். உறைவுக்கான வரைபடம் ஒன்று உண்டு, வெப்பமும் பனிநிலையும் கொடுத்தால் ஆபத்தைக் காட்டும். நான் காலையில் குறித்த 18-ஐயும் 15-ஐயும் அதில் வைத்துப் பார்த்தேன். இறங்கும் சக்தியில் கடும் உறைவு என்று இருந்தது. தினமும் ஆலையில் ஆவியோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். வெட்கமாக இருந்தது.

மருந்து என்னவோ கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கார்ப் ஹீட் பிடியை இழுத்தால் புகைக்குழாய்ச் சூட்டில் காய்ந்த காற்று உள்ளே போகும். செஸ்னாவில் கற்றபோது, சக்தியைக் குறைக்குமுன் இழு என்று பழக்கம். பைப்பரின் கையேடு வேறு மாதிரி: உறைவுக்கான அறிகுறி இருந்தால் மட்டும் போடு, இல்லாவிட்டால் வேண்டாம், இறங்காமல் மறுபடி எழும்ப நேர்ந்தால் சக்தி குறையும். நான் மாறியபோது இந்த வாக்கியத்தின் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். வாரியரில் இருக்கும் லைகோமிங் எஞ்சினில் கார்பரேட்டர் எண்ணெய்த் தொட்டியை ஒட்டி இருப்பதால் சூடாக இருக்கும், அதற்குப் பனி பிடிக்காது என்று விமானக் கொட்டகையில் பேசிக்கொள்வார்கள். குறைவு என்பது உண்மை, பிடிக்காது என்பது பொய். அறிகுறி இருந்தால் போடு என்றால், அறிகுறியைத் தேட வேண்டுமே! சுற்று நழுவியது அறிகுறி. நான் திருகு என்றேன். எஞ்சின் இருமியது அறிகுறி. நான் ஹெட்செட் என்றேன்.

கடைசியில் 500 அடியில் இழுத்தேனே, அது ஏன் வேலை செய்யவில்லை? எஞ்சின் ஓடினால்தான் புகைக்குழாய் சூடாக இருக்கும். நின்ற எஞ்சினில் இழுப்பதற்குச் சூடு மிச்சமில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பனி பிடித்த எஞ்சினில் கார்ப் ஹீட்டை இழுத்தால் முதலில் நிலைமை மோசமாகும், உருகிய தண்ணீர் உள்ளே போய் எஞ்சின் குலுங்கும். பயந்து மூடிவிடுகிறவர்கள் உண்டு. மூடக் கூடாது, முழுக்கத் திறந்தே வைத்துப் பொறுக்க வேண்டும். பாதி திறப்பதும் உதவாது.

இப்போது பயணிகளிடம் கதவுக்கு அடுத்து ஒரு வரி சேர்த்துச் சொல்கிறேன்: "சத்தம், நாத்தம், நடுக்கம், எது மாறினாலும் சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல." சொன்னால் எல்லாரும் சொல்கிறார்கள். முக்கால்வாசி ஒன்றுமில்லாததுதான். ஒவ்வொரு முறையும் மானியைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

மாமா ஊருக்குப் போன மூன்றாவது வாரம், பயிற்றுநர் ஒருவரோடு மறுபடி ஏறினேன். வேறு வாரியர், அதே கடற்கரை, கிட்டத்தட்ட அதே ஈரம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கார்ப் ஹீட்டை இழுத்துப் பார்த்தேன். இரண்டு முறை சுற்று 100 குறைந்தது, மூடியதும் பழைய இடத்துக்கு வந்தது. பனி இல்லை என்று பொருள். மூன்றாவது முறை, துகேலாவுக்குக் கொஞ்சம் இப்பால், இழுத்ததும் எஞ்சின் தொண்டையைக் கனைத்தது. உதறியது. கையை எடுக்காமல் எண்ணினேன். பதினைந்து எண்ணுவதற்குள் தெளிந்து சுற்று ஏறியது. மூடியபோது முன்பிருந்ததைவிட 80 அதிகமாக நின்றது.

அன்று இரவு திருநெல்வேலிக்குப் பேசினேன். விலா எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை.

"மறுபடி ஏறினீங்களாமே. இருமிச்சா?"

"இருமிச்சு மாமா."